தழற்கிணறு: இரண்டாம் பாகம்

1

பொய் என்று நினைத்துத்தான் எழுதினேன். அது எங்கள் வீட்டில் நடந்திருந்தது. இந்தக் கதை பிறந்தது அப்படித்தான்.

போன வருடம் கைபேசிச் செயலி ஒன்றில் ‘தழற்கிணறு’ என்ற மாயாஜால நாவலைத் தொடராக எழுதினேன். அண்ணன் தம்பி இருவர், மந்திரவாதிகள். நெருப்பை எழுப்ப அண்ணன் கிணற்றுக்குள் இறங்குகிறான். அவன் கயிற்றை ஆட்டியதும் மேலே நிற்கும் தம்பி தூக்க வேண்டும். தம்பி ஏழு வரை எண்ணிவிட்டுத் தூக்குகிறான். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

என் பெரியப்பா இன்னாசி, இண்டூர்ப் பக்கம் எங்கள் நிலத்தில் கிணறு வெட்டும்போது வெடியில் செத்தவர். நான் பிறப்பதற்கு முன்னால். திரியைக் கொளுத்திவிட்டு மேலே வருவதற்குள் வெடித்துவிட்டது, விபத்து என்றுதான் ஊருக்குத் தெரியும். மேலே கயிற்றுச் சக்கரம் சுற்றியவர் என் அப்பா பிலவேந்திரன்.

கிணற்றை அதிலிருந்து எடுத்தேன். ஏழு மட்டும் என் கற்பனை.

2

அப்பா நாவலைப் படித்தார். (அவர் கை நடுங்கியது என்று முதலில் எழுதியிருந்தேன். நடுங்கவில்லை. அடித்துவிட்டேன்.)

“ஏழு எண்ணுனத உனக்கு யாரு சொன்னா?” என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை என்றேன். நம்பவில்லை. பிறகு அவரே சொன்னார். அன்று காலை நிலப் பாகப்பிரிவினைப் பேச்சில் பெரியப்பா அவரை ஊர்க்காரர்கள் முன்னால் செருப்பால் அடித்திருக்கிறார். கயிறு ஆடியபோது அந்த அடி ஞாபகம் வந்ததாம்.

“சாவட்டும்னு நெனைக்கல, பிளசி. கொஞ்சம் பயப்படட்டும்னுதான்.”

3

இரண்டாம் பாகத்துக்கு நான் எழுதிய தொடக்கங்கள்:

‘இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், மலையிலிருந்து மகன் இறங்கி வந்தபோது அவன் கையில்

‘பழி என்பது

இரண்டையும் பாதியில் விட்டேன். அதற்குமுன், பெயரில்லாத வாசகர் ஒருவர் செயலியில் கேட்டிருந்தார்: அடுத்த பாகத்தில் அண்ணனுடைய மகன் வருவானா? உற்சாகமாகப் பதில் போட்டேன், ‘கட்டாயம் வருவான்.’

4

போன செவ்வாய்க்கிழமை காலை வந்தார். சவுரியப்பன், இன்னாசி பெரியப்பாவின் ஒரே மகன், எனக்கு அண்ணன். பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி வண்டி ஓட்டுகிறார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. செயலியில் அந்தக் கேள்வியைக் கேட்டது தான்தான் என்றார். எல்லாம் கற்பனை அண்ணா என்றேன்.

“கற்பனைதான. அப்ப அந்தப் பையன் வந்து என்ன பண்றான்? சொல்லு.”

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் சிரித்தாரா? சிரித்த மாதிரி இருந்தது.) அதற்குள் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார்.

“சித்தப்பா, கெணத்த ஒருக்கா பாத்துட்டு வரலாம், வாங்க.”

அப்பா வண்டியில் ஏறினார். நான் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், தடுக்கவில்லை. இதை எழுதும்போதுதான் அது எனக்கே தெரிகிறது.

5

அவர்கள் போன பிறகு மூன்று முடிவுகள் எழுதினேன். மகன் மன்னிக்கிறான்: சவுரியப்பன் அண்ணன் படித்தால் நம்பமாட்டார். மகன் தள்ளிவிடுகிறான்: எழுதிவிட்டு உடனே அழித்தேன், எழுதினால் நடந்துவிடுமோ என்று. மூன்றாவதில் சித்தப்பா தானே

வேண்டாம்.

மதியம் ஒரு மணிக்கு அப்பா தனியாக நடந்து வந்தார். கிணற்று மேட்டில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அண்ணன் வண்டியில் ஏறும்போது சொன்னாராம்:

“ரெண்டாம் பாகத்த அவள எழுத வேணாம்னு சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்.”

6

அதனால் நான் முடிக்கவில்லை. இதுவரை நடந்ததைச் செயலியில் போடு என்று அப்பாதான் சொன்னார்.

அண்ணா, இதை வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை, நீங்கள் படிப்பீர்கள். அப்பா காலையிலிருந்து கொல்லையில் தனியாகத் தக்காளிக்குத் தண்ணீர் கட்டுகிறார். யாரையும் துணைக்கு வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். ரோட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்கிறார்.

எப்போது வருவீர்கள் என்று மட்டுமாவது எழுதுங்கள்.