முந்நூற்று எழுபத்தைந்து அடி

வகுப்பில் அவளுக்குக் கொசு என்று பெயர். ஆள் அவ்வளவு ஒல்லி. போன பருவம் முழுக்க, மண் இயக்கவியல் ஆய்வகத்தில் சுத்தியலைக் கூட்டாளிகள் பிடுங்கிக்கொள்ள, இவள் ஓரமாக நின்று கணக்கு மட்டும் எழுதினாள். தேர்வில் தனியாக நின்றபோது கை ஓடவில்லை, கோட்டை விட்டுவிட்டாள். இன்று மறுதேர்வு. இதிலும் போனால் இறுதியாண்டுக்குள் நுழைய முடியாது, ஜூனியர்களோடு ஓராண்டு உட்கார வேண்டியதுதான்.

"சுத்தியல நீ தூக்குவியா, அது உன்னத் தூக்குமா?" என்று அண்ணன் காலையிலேயே வழியனுப்பியிருந்தான்.

வந்ததோ மண்ணை இறுக்கும் சோதனை. காய்ந்த மண்ணை எவ்வளவு இடித்தாலும் துகள்கள் ஒன்றோடொன்று முரண்டு பிடிக்கும். கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் வழுக்கி, நெருங்கி உட்காரும். அளவு மீறினாலோ மண் உட்கார வேண்டிய இடத்தைத் தண்ணீரே பிடித்துக்கொள்ளும். ஆகவே ஈரம் கூடக்கூட மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் வரைபடம் ஏறி, உச்சி தொட்டு, இறங்க வேண்டும். உச்சியைக் கண்டுபிடிப்பவர் பாஸ். ஐந்து ஈரப்பதங்கள், ஒவ்வொன்றுக்கும் இரும்பு அச்சுக்குள் மூன்று அடுக்கு மண், அடுக்குக்கு இருபத்தைந்து அடி.

பக்கத்து மேசையில் பயில்வான். ரெக்கார்டு நோட்டே எழுதாமல் அரியர் வாங்கியவன். சட்டைக் கையை மடித்துவிட்டு, சுத்தியலைக் கீழ்நோக்கி அழுத்தி அழுத்திக் குத்தினான். அறையே அதிர்ந்தது.

"கொசு, வேணும்னா சொல்லு, உனக்கும் சேர்த்து இடிச்சுத் தர்றேன்."

"மொதல்ல உன் வேலையப் பாரு."

வீம்புக்கு அவளும் அழுத்திக் குத்தினாள். இரண்டாம் அடுக்கிலேயே தோள் கெஞ்சியது. மூச்சு வாங்க நின்றவள் சுத்தியலின் குழாயைப் பார்த்தாள்; அதற்குள் ஏறி இறங்கும் இரும்பு எடைதான் மண்ணை இடிப்பது. ஓர் உயரத்துக்கு மேல் எடை ஏறாதபடி அதற்குள் ஒரு தடுப்பு. எதற்குத் தடுப்பு? எல்லா அடியும் ஒரே அடியாக விழ. விழுவது எடையின் வேலை. தன் வேலை, தடுப்பில் 'டக்' என்று முட்டும்வரை தூக்கிக் கையை விடுவது மட்டும். அட, இவ்வளவுதானா!

அச்சிலிருந்த மண்ணைச் சுரண்டிக் கொட்டினாள்.

"என்னம்மா, அரை மணி நேரம் வீணாச்சே!" என்றார் ஆய்வக உதவியாளர்.

"பரவால்ல சார், புது மண்ணு குடுங்க."

டக், தொப். டக், தொப். கை வலித்தால் நின்றாள். ஆனால் எந்த அடியும் தடுப்பைத் தொடாமல் விழவில்லை. பயில்வான் மூன்றாவது அச்சில் வியர்த்து ஊற்றினான். ஐந்தாவதில் எடையைப் பாதிக் குழாய்கூடத் தூக்கவில்லை. மாலை மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் அவள் கடைசி மண் மாதிரியை உலர்த்தும் அடுப்பில் வைத்தாள்.

மறுநாள் காலை காய்ந்த மாதிரிகளை எடை போட்டு, புள்ளிகளைக் குறித்தார்கள். பயில்வானின் கோடு முதல் புள்ளியிலிருந்தே சறுக்குமரம்போல் இறங்கியது. "மண்ணு சரியில்ல மேடம்," என்றான்.

"மண்ணு சரிதான். நீ களைச்சுப் போனத அது எழுதி வச்சிருக்கு," என்றார் பேராசிரியர்.

அவளுடைய புள்ளிகள் ஏறின. ஏறின. மூன்றாவது புள்ளிதான் உச்சி. அப்புறம் இறக்கம். பேராசிரியர், அதே மண்ணில் தான் முன்பே செய்து வைத்திருந்த வரைபடத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு மலைகள் ஒரே மலையாயின.

"என்னம்மா இது, ஜெராக்ஸா?"

"இல்ல மேடம்! முந்நூத்தி எழுபத்தஞ்சு அடி. வீணாப்போனது தனி."

சிவப்பு மையில் கையெழுத்து விழுந்தது. பயில்வான் தலையைச் சொறிந்தபடி வந்தான். "ஏய், எனக்கு அடுத்த மாசம் மறுபடி வச்சிருக்காங்க. கொஞ்சம் காட்டிக் குடேன்."

"இறுதியாண்டு அக்கான்னு கூப்பிடு, காட்டறேன்," என்று சுத்தியலை ஒரு கையால் தூக்கி அவனிடம் நீட்டினாள்.