வோமொரேன் காட்டுப் பாதையில் யாரும் போவதில்லை

வியாழக்கிழமை காலை, ஊராட்சி அலுவலகக் கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளைத் தபால்காரி ஒதில் மூன்று முறை படித்தாள். குளத்தடியிலிருந்து பழைய ஆலை வரை போகும் ஏழு கிலோமீட்டர் காட்டுப் பாதையை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. ஆகவே காட்டை வாங்கிய பாரிஸ்காரருக்கே பாதையையும் விற்றுவிட ஊராட்சி நினைக்கிறது. மறுப்பு உள்ளவர்கள் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பதிவேட்டில் எழுதலாம் என்று போட்டிருந்தது. தாள் ஒட்டிப் பதின்மூன்று நாள் ஆகிவிட்டது. தினமும் அதே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்த் தபால் கொடுத்தவள்தான் அவள். கதவில் ஒட்டுவதை யார் படிக்கிறார்கள்?

யாரும் பயன்படுத்துவதில்லையாம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மரம் ஏற்றிய லாரி உரசிப் பள்ளத்தில் விழுந்து ஒதிலின் தோள் எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து அவள் தார்ச் சாலையில் சைக்கிள் மிதிப்பதில்லை. சரளைக்கல் பாதையில் ஓட்டத் தடித்த டயர் போட்ட சைக்கிள் ஒன்று வாங்கி, வண்டி நுழையாத பாதைகளாகவே தேடிக் கோத்து, அறுபத்திரண்டு கிலோமீட்டருக்கு ஒரு சுற்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஞாயிறு தவறாமல் போவாள். அந்தச் சுற்றின் உயிரே இந்த ஏழு கிலோமீட்டர்தான். இது அடைபட்டால் அந்தப் பக்கம் போக லாரிச் சாலையைத் தவிர வேறு வழி இல்லை. அதற்குச் சைக்கிளை விற்றுவிட்டு வீட்டில் உட்காரலாம்.

உள்ளே போய் மேயர் எவ்ராரைப் பிடித்தாள். அவர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஒரு வரி இல்லை. காப்பிக் கடை ஃபாபியென் முதற்கொண்டு ஊரில் எல்லாரையும் கேட்டாயிற்று, அங்கே முள் கழுத்தளவு வளர்ந்து கிடக்கிறது என்றே எல்லாரும் சொன்னார்கள் என்றார்.

"நான் வாராவாரம் போறேனே."

"போன வசந்தத்துல நானே உன்கிட்ட கேட்டேன், ஞாயித்துக்கிழமை நீ எங்க போறேன்னு. கால்வாய்க் கரைக்குன்னு சொன்னே."

சொன்னாள்தான். நல்ல பாதை கிடைத்த எந்தச் சரளைச் சைக்கிள்காரன் வாயைத் திறந்திருக்கிறான்? பக்கத்து டவுன் சைக்கிள் குழுவின் தலைவி லுதிவின் கேட்டபோதும், அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் சேறு என்று கூசாமல் சொல்லியிருந்தாள். போனில் பதிவான சவாரிகளையும் ஒருவர் கண்ணிலும் படாமல் பூட்டி வைத்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. இப்போது அந்தப் போனை மேயரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவர் பார்த்துவிட்டு, "ஒருத்தி போறது பொதுமக்கள் போறதா ஆகாது, ஒதில். சனிக்கிழமை பாதையைப் பார்க்க விசாரணை அதிகாரி அம்மா நேர்ல வராங்க. அவங்ககிட்ட சொல்லு," என்றார்.

அன்று மாலை ஐந்நூற்றுச் சொச்சம் சவாரிகளையும் இணையத்தில் ஊருக்கே தெரியும்படி திறந்துவிட்டாள். பிறகு வெட்கத்தை விட்டு லுதிவினைக் கூப்பிட்டாள். அவள் சிரித்துத் தள்ளிவிட்டாள்.

"நாலு வருஷமா வெறும் சேறு, வெறும் சேறுன்னு எங்களை ஏமாத்தினீங்களே அம்மணி. இருங்க, எல்லாரையும் கூட்டிட்டு வரேன்."

சனிக்கிழமை காலை பத்தொன்பது பேர் வந்துவிட்டார்கள். ஒதில் முன்னால் போனாள். முந்தின வார மழையில் சரளை இறுகி, டயருக்குக் கீழே நறநறவென்று பேசியது. இரண்டு பக்கமும் பீச் என்ற ஓங்கிய காட்டு மரங்கள். எதிரே வண்டி இல்லை, ஹாரன் இல்லை. இறக்கத்தில் பின்னாலிருந்து எழுந்த கூச்சலைக் கேட்டு அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு நாளும் இந்தக் கூச்சலைத் தான் ஒருத்தியே மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது.

மூன்றாவது வளைவில் சட்டென்று பிரேக்கைப் பிடித்தாள். புதருக்குள்ளிருந்து யாரோ குனிந்தபடி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். நிமிர்ந்தால் காப்பிக் கடை ஃபாபியென். கையில் கூடை, கூடையை மூடிப் பெரணி இலை.

"முள்ளு கழுத்தளவுன்னு சொன்னியாமே?"

"மெதுவா பேசுடி," என்றாள் ஃபாபியென், கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே.

மெதுவாகப் பேசி என்ன? இருபது சைக்கிளின் சத்தத்தில் காடே விழித்துக்கொண்டது. மழை முடிந்து பத்தாம் நாள், ருசிக்குப் பேர்போன சேப் காளான் முளைக்கும் நாள். ஒரு மரத்துக்குப் பின்னால் ரொட்டிக் கடைக்காரர், இன்னொன்றுக்குப் பின்னால் பள்ளி வாத்தியார், தள்ளி மூன்று பேர், எல்லார் கையிலும் கூடை. ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. கடைசியாக ஒரு கிழட்டு பீச் மரத்தின் மறைவிலிருந்து, வேறு வழியில்லாமல், மேயர் எவ்ரார் வெளியே வந்தார். எல்லைக் கல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தாராம்.

"அப்ப அந்தக் கூடை?"

"அது என் பொண்டாட்டியோடது."

வோமொரேனில் வீட்டுச் சாவியைக்கூட நம்பிக் கொடுப்பார்கள். காளான் இடத்தைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லமாட்டார்கள். மேயர் விசாரித்தபோது, அடுத்தவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்கட்டும் என்று ஆளாளுக்கு முள்ளை வளர்த்துவிட்டிருந்தார்கள். மேயரோ, பாரிஸ்காரர் பாதையை அடைத்துக் கேட் போட்டால் அதன் ஒரு சாவி ஊராட்சியிடம் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். இத்தனை பேர் நடக்கும் பாதையை எல்லாரும் சேர்ந்து வாயாலேயே கொன்றிருந்தார்கள்.

அந்த நேரத்தில் விசாரணை அதிகாரி மதாம் லார்த்திக் குளத்துப் பக்கமிருந்து நடந்து வந்து சேர்ந்தார். சைக்கிள் கூட்டத்தைப் பார்த்தார்.

"இவங்க இன்னைக்கு அழைச்சு வந்தவங்க. இதை எழுத முடியாது. வழக்கமா இந்தப் பாதையில யாரு வருவாங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஏழு பேரும் நின்றார்கள். வருகிறோம் என்றால் காளான் இடம் போச்சு. இல்லை என்றால் பாதையே போச்சு. ஒதிலுக்கு ஆத்திரமாக வந்தது, தன்மேலும் சேர்த்துத்தான்.

"நான் வரேன், மேடம். பதினோரு வருஷமா. எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டு வரேன். அந்த வளைவைத் தாண்டினா வெயில் சாஞ்சு விழும், அங்க மூச்சு வாங்க நிப்பேன். அதுக்கு மேல அழகான இடம் எனக்குத் தெரியாது. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. போகட்டும்."

ஃபாபியென் கூடையை முன்னால் கொண்டுவந்து தரையில் வைத்தாள். "ஆறு வயசுலேருந்து வரேன்," என்றாள். ரொட்டிக் கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். பிறகு வாத்தியார். ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். மேயர் மட்டும் தன் ரப்பர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மதாம் லார்த்திக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வாயால சொன்னா செல்லாது. பன்னிரண்டுக்குப் பதிவேட்டை மூடிடுவேன். என் கார் குளத்தடியில நிக்குது, ஆனா விசாரணை முடியறவரைக்கும் அதுல உங்களை ஏத்தக் கூடாது."

மணி பதினொன்று இருபது. ஊர் ஆறு கிலோமீட்டர். அவர்களுடைய கார்களோ, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று மூன்று கிலோமீட்டர் தள்ளி ஆலைப் பக்கத்துச் சாலையில் ஒளித்து நிறுத்தப்பட்டிருந்தன. சாமர்த்தியம் அதிகமானால் இப்படித்தான்.

லுதிவின் தன் சைக்கிளை ஃபாபியெனிடம் நீட்டினாள். "ஏறுங்க. நாங்க நடந்து வரோம்."

அப்புறம் நடந்தது சவாரியா கலவரமா என்று சொல்லத் தெரியவில்லை. ஏழு பேர், இரவல் சைக்கிள்கள், உள்ளங்கை அளவுகூட இல்லாத பெடல்களில் வழுக்கும் ரப்பர் பூட்ஸ், முழங்கையில் ஆடும் கூடைகள். யாரும் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒதில் கடைசியில் போனாள். வாத்தியார் இரண்டு முறை புதரில் இறங்கி ஏறினார். ஃபாபியென் இறக்கத்தில் பிரேக்கே பிடிக்காமல், இருபது வயசுக்காரி மாதிரி கத்திக்கொண்டு போனாள். முன்னால் உருண்ட டயர்கள் வாரியடித்த, மர நிழலில் காயாமல் கிடந்த சேறு ஒதிலின் முகத்திலும் வாயிலும் விழுந்தது. இந்தப் பாதையில் அடுத்தவர் கிளப்பிய சேற்றை அவள் தின்பது இதுதான் முதல் தடவை. சந்தோஷம் தாங்காமல் அவளும் கத்தினாள்.

பதினொன்று ஐம்பதுக்கு அலுவலகத்துக்குள் சேறும் சகதியுமாக நுழைந்தார்கள். மதாம் லார்த்திக் ஏற்கெனவே வந்து பதிவேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒதில் முதலில் எழுதினாள். மற்ற ஆறு பேரும் வரிசையாக எழுதினார்கள். காரணம் என்ற இடத்தில் அத்தனை பேரும் "நடைப்பயிற்சி" என்றே போட்டார்கள்.

மேயர் மட்டும் சுவரோரமாக நின்றார். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. ஒதில் பேனாவை அவரிடம் நீட்டினாள். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த ஏழு கூடைகளைப் பார்த்தார், பேனாவை வாங்கினார். நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மதாம் லார்த்திக் அதை உரக்கப் படித்துவிட்டுப் பதிவேட்டை மூடினார்: "நாற்பது வருடமாக இந்தப் பாதையில் போகிறேன். விற்கக் கூடாது. எந்த மரம் என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்."