குண்டன் தின்ற இரண்டு பிஸ்கட்

கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். தையற்காரி தன் தையல் மெஷின் முன்னால், அவள் தம்பி ஜன்னலோரம், டிரைவரான அவள் கணவன் வாசற்படியில். மெஷினுக்கு அடியில், வெட்டுத்துணி அடைத்த மெத்தையில் எப்போதும் படுத்திருக்கும் நாய் குண்டன்தான் இல்லை. போன வாரம் பல் பிடுங்க மயக்க ஊசி போட்டபோது, வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துச் செத்துப்போனது.

ஊசி போட்ட டாக்டர் மேல் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு அவள் புகார் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வெறும் வயித்தோடதான் கூட்டிட்டுப் போனோம்னு எழுதுக்கா. அப்பதான் கேஸ் நிக்கும்," என்றான் தம்பி.

டிரைவர் தலை நிமிரவில்லை. "காலைல நான் ரெண்டு பிஸ்கட் போட்டேன். அது பார்த்த பார்வைக்கு மனசு கேக்கல."

"போச்சு போங்க மாமா! அவங்களுக்கு வக்கீலே வேணாம், நீங்க போதும்."

"நான்தான் கொன்னுட்டேன்," என்றார் டிரைவர்.

தையற்காரிக்குச் சுருக்கென்றது. திட்ட வாயெடுத்தவள், ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை எடுத்து வரிவரியாகப் படித்தாள்.

"எத்தனை மணிக்கு வரணும்னு இருக்கு, சங்கிலி போட்டுக் கூட்டிட்டு வரணும்னு இருக்கு. சாப்பாட்டைப் பத்தி ஒரு வரி இல்ல. ஊசி போடறதுக்கு முன்னாடி யாராவது கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்புறம் ஏன் திருடன் மாதிரி வாசல்ல உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க."

அவர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் எழுதினாள்: 'காலையில் இரண்டு பிஸ்கட் கொடுத்தோம். கொடுக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டதா என்றும் யாரும் கேட்கவில்லை.'

சீட்டின் நகலையும் உள்ளே வைத்து உறையை ஒட்டினாள். பதிவுத் தபாலில் சேர்க்க டிரைவரே எடுத்துக்கொண்டு போனார்.