இருபத்துமூன்று மணி நேரம்

கூடத்தில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். தரைக்கு அடியிலிருந்து வரும் சூடு நன்றாக ஏறும் உள்சுவர் ஓரத்தில், மெத்தையிட்ட இடத்தில், மூத்தவர் ஹ்வாங் உன்ஹோ. அவருக்கு வலப்பக்கம் கன்பூசியப் பெரியோர் சபையின் செயலாளர் ஜாங். மடித்த காலுக்குப் பக்கத்தில் தோல்பை. சமையலறைக் கதவருகே, ஒரு காலைக் குத்துக்காலிட்டு, மூத்தவரின் மனைவி ஓக்பூன். ஜன்னல் ஓரம் கைப்பிடி வைத்த நோயாளிக் கட்டிலில், முதுகுப்பக்கம் உயர்த்தப்பட்டு, அந்த வீட்டுக்காரர், மூத்தவரின் தம்பி ஹ்வாங் மான்ஹோ. இரண்டு வருடத்துக்கு முன்பு மூளையில் இரத்தக்குழாய் அடைத்து வலப்பக்கமும் பேச்சும் போனவர். அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் சோங்கோக் தடத்தில் பேருந்து ஓட்டியவர். ஐந்தாவது ஆள் அவர் மனைவி கும்சில். அவள் உட்காரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பொண்டாட்டி புருஷனுக்குக் கஞ்சி ஊட்டுறதுக்குச் சம்பளமா?" என்றார் மூத்தவர். "நாளைக்கு அதுல உப்புப் போட்டதுக்குத் தனிக் கூலி கேப்பியா?"

கும்சில் மான்ஹோவின் வாய்க்கடையில் வழிந்ததைக் கரண்டியால் வழித்தாள்.

"உப்பே போடல, பெரியத்தான். டாக்டர் வேண்டாம்னுட்டார்."

ஓக்பூன் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அந்த ஆண்டின் 'கற்புடைய மனைவி' பட்டயத்துக்கு கும்சிலின் பெயரை மூத்தவரே சபைக்கு எழுதியிருந்தார். சபையும் ஒப்புக்கொண்டது. வசந்த விழாவில் மாவட்ட அதிகாரி கையால் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்குள், அவள் பராமரிப்பு ஊழியர் சான்றிதழ் வாங்கி, ஒரு பராமரிப்பு மையத்தின் வழியாகத் தன் சொந்தக் கணவனைப் பார்த்துக்கொள்ளவே அரசிடம் ஊதியம் பெறுகிறாள் என்று யாரோ சபையில் சொல்லிவிட்டார்கள்.

ஜாங் தொண்டையைச் செருமினார். கெட்ட மனிதரல்ல, மென்மையாகப் பேசுகிறவர்.

"சட்டப்படி தப்பே இல்லம்மா. ஆனா பட்டயத்துல 'கைம்மாறு கருதாமல்'னு ஒரு வரி வரும். எங்க தாத்தா காலத்துலேர்ந்து வர்ற வரி."

"அத எடுத்துட்டா என்னங்க?"

"செதுக்கியாச்சும்மா."

"அப்ப எடுக்க வேண்டியது நீதான்" என்றார் மூத்தவர். "மையத்துக்கு ஒரு தாள்ல எழுதிக் குடு. இனி சம்பளம் வேண்டாம், சும்மா பாத்துக்கறேன்னு. அவ்வளவுதானே."

"சும்மாதான் பாத்துக்கறேன், பெரியத்தான். அவங்க குடுக்கறது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு. அதுவும் மாசத்துல இருபது நாளுக்கு. மிச்சப் பத்து நாள் இவருக்கு வெளிக்கே போகாதுன்னு அரசாங்கம் நினைக்குது." அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "மத்த இருபத்துமூணு மணி நேரமும் நான் பத்தினிதான்."

மூத்தவரின் முகம் சிவந்தது.

அவருக்கும் அவளுக்கும் இது முதல் மோதல் அல்ல. மான்ஹோவுக்கு இப்படி ஆன முதல் வருடம், முன்கூட்டியே எடுக்கும் முதுமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னவர் அவர். 'ஓய்வு பெற்றவன்' என்றால் கௌரவம். 'ஊனமுற்றவன்' என்று பதிவேட்டில் ஏறினால் தன் மகளின் சம்பந்தம் கெடும் என்பது அவர் கணக்கு. கும்சில் யாருக்கும் சொல்லாமல் பேருந்தேறி ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனாள். முதல் தடவை அவர்கள் சொன்னது புரியவில்லை. இரண்டாம் தடவை பாதி புரிந்தது. மூன்றாம் தடவை அங்கிருந்த இளம்பெண் இரண்டு தாள்களை அருகருகே வைத்து, "ரெண்டுல ஒண்ணுதாம்மா வாங்க முடியும். முதுமைப் பணத்த அவசரப்பட்டு இப்பவே எடுத்தா ஆயுசுக்கும் குறைச்சுத்தான் தருவாங்க. இவருக்கு ஊனத்துக்கானதே கிடைக்கும். ஆனா கேட்டாத்தான் தருவோம், கேக்காம யாரும் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டாங்க" என்றாள். கும்சில் கேட்டாள். கிடைத்தது. மூத்தவர் ஆறு மாதம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அன்றைக்கே, கிளம்புமுன், "என் பேருக்கு ஏதாவது இருக்குதாம்மா?" என்றும் கேட்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக நூல் ஆலையில் வேலை பார்த்ததில் ஏழு வருடம் கட்டியிருந்தது. பத்து வருடம் நிறைந்தால் சாகும்வரை மாதா மாதம் அவள் பெயரிலேயே வரும். நிறையாவிட்டால் கட்டியதைத் திருப்பித் தந்து கணக்கை முடித்துவிடுவார்கள். மான்ஹோவின் பணம் அவருடைய மருந்துக்கும் டயப்பருக்கும் உடற்பயிற்சிக்காரருக்குமே சரியாகிவிடும். தன் பெயருக்கான மூன்று வருடத்தை அவள் கட்டிக்கொண்டிருந்தது அந்த ஒரு மணி நேரக் கூலியில்தான்.

அதை அவள் இப்போது சொன்னாள். ஜாங் தலையசைத்துக் கேட்டார். மூத்தவர் கேட்கவில்லை.

"உனக்கு எதுக்குத் தனியா ஓய்வூதியம்? இவனுக்கு முன்னாடி போறவளுக்குத்தான் புண்ணியம். பின்னாடி இருந்தா நாங்க இல்லையா? விட்டுடுவமா?" அவர் கட்டில் பக்கம் திரும்பினார். "டேய் மான்ஹோ, நீயே சொல்லு. உன் பொண்டாட்டி உன்னைக் கூலிக்குத் தொடுறா. உனக்குச் சம்மதமா?"

மான்ஹோ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாத்தியா? அவமானத்துல சாகிறான்."

அது உண்மையாகவும் இருக்கலாம் என்று கும்சிலுக்குத் தெரியும். முதன்முதலில், மையத்துக்காரர்கள் சுவரில் ஒட்டிய வில்லையில் கைபேசியைக் காட்டி அவள் வேலை நேரத்தைத் தொடங்கிய காலையில், அவர் இடக்கையால் தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டிருந்தார்.

அப்போது கட்டிலிலிருந்து நாற்றம் எழுந்தது. எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் அசையவில்லை. கும்சில் போர்வையை விலக்கினாள்.

"பெரியத்தான், தோளை இந்தப் பக்கமாப் புரட்டிப் புடிங்க. ஒத்தை ஆளா முடியல, இடுப்பு விட்டுப்போச்சு."

மூத்தவர் எழுந்தார். சட்டைப்பையைத் தடவி, "சிகரெட்..." என்று முணுமுணுத்தபடி முற்றத்துக்குப் போய்விட்டார். ஜாங் தன் காலுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓக்பூன் வந்து பிடித்தாள், பழகிய கை. துடைத்து, பொடி போட்டு, மாற்றி முடித்தபின் கும்சில் ஜாங்கிடம் சொன்னாள்: "இன்னைக்குக் கூலி நேரம் காலையிலயே முடிஞ்சுபோச்சுங்க. இது இலவசம்."

ஜாங் பார்லித் தேநீரைக் குடிக்காமலேயே எழுந்தார்.

மூத்தவர் வாசலில் நின்றபடி கடைசி வார்த்தையைச் சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தத் தாள் போகணும். இந்த வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்குன்னு நான் சொல்லித் தெரிய வேண்டாம்."

ஆண்கள் போனார்கள். ஓக்பூன் பாத்திரம் கழுவும் சாக்கில் பின்தங்கினாள்.

"துரத்திருவாராக்கா?" என்றாள் கும்சில்.

"துரத்துனாலும் துரத்துவாரு. ஊருக்குப் பயந்து விட்டாலும் விடுவாரு. நான் என்னத்தக் கண்டேன்." குழாயை மூடிவிட்டு ஓக்பூன் சட்டென்று கேட்டாள்: "எங்க கூடத்துல ஒரு பட்டயம் தொங்குதே, பாத்திருக்கியா? அத்தைக்குப் பதினோரு வருஷம் பீ அள்ளுனதுக்கு எனக்குக் குடுத்தது."

"பாத்திருக்கேன்."

"அந்தக் கண்ணாடியத் தொடைக்கறதும் நான்தான். போன மாசம் உன் பேச்சக் கேட்டு ஓய்வூதிய ஆபீசுக்குப் போனேன்டி. அந்தப் பொண்ணு என் பேரத் தட்டித் தட்டிப் பாத்துச்சு. 'ஒண்ணுமே இல்லையேம்மா'ன்னுச்சு. எழுபது வயசாகுது. பல்லுக் கட்டணும்னா உங்க பெரியத்தான்கிட்ட கேக்கணும். 'பாக்கலாம்'கறாரு. ரெண்டு வருஷமாப் பாத்துக்கிட்டிருக்காரு." வாயைத் திறந்து இடப்பக்கத்துப் பொக்கையைக் காட்டினாள். "பட்டயத்த வச்சு மெல்ல முடியல."

கும்சில் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். மையத்துக்கு எழுதவில்லை. சபைக்கு எழுதினாள்.

'மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு. என் பெயரைப் பரிந்துரைத்ததற்கு நன்றி. பட்டயத்தில் கைம்மாறு கருதாமல் என்று செதுக்கியிருப்பதாகச் சொன்னீர்கள். நான் கைம்மாறு கருதுகிறேன். கிடைப்பது போதவில்லை என்றும் கருதுகிறேன். ஆகவே அந்தப் பட்டயம் எனக்கு உரியதல்ல. என் பெயரை நீக்கிவிடவும். கூலி வாங்குவதை நான் நிறுத்தப்போவதில்லை. என் கணவரைப் பார்ப்பதையும் நிறுத்தப்போவதில்லை. இதைச் சபையில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்குமாறு வேண்டுகிறேன். சோங்கோக், கும்சில்.'

எழுதியதைக் கட்டிலருகே நின்று உரக்கப் படித்தாள். மான்ஹோ கண்ணை மூடியிருந்தார். தூங்கினாரா, கேட்டாரா, தெரியவில்லை. அவள் காத்திருக்கவில்லை.

உறையின் பசை காய்ந்துபோயிருந்தது. ஓக்பூன் பானையிலிருந்து நாலு பருக்கைச் சோற்றை எடுத்து, கட்டைவிரலால் நசுக்கித் தடவி, அழுத்தி ஒட்டினாள்.

"குடு. நான் சந்தைக்குத்தான் போறேன்."

"அக்கா, பெரியத்தானுக்குத் தெரிஞ்சா..."

"என்னைப் படிக்கத் தெரியாதவள்னுதானே நினைச்சிருக்காரு. என்ன கடுதாசின்னு எனக்கெப்படித் தெரியும்?"

அஞ்சலகச் சாளரத்தில் இருந்தவன், "சாதாரணமா, பதிவா?" என்று கேட்டான்.

"பதிவு" என்றாள் ஓக்பூன். "வாங்குறவங்க கையெழுத்துப் போட்டு வாங்கணும்."

மடித்துச் செருகியிருந்த பணத்தை இடுப்புப் பையிலிருந்து எடுத்தாள். முன்னோர் படையலுக்கு உலர்மீன் வாங்கிவர மூத்தவர் எண்ணிக் கொடுத்தது. அதில் ஒரு நோட்டை உருவிச் சாளரத்துக்குள் தள்ளினாள். அவன் உறையை எடை போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னால் கிடந்த சாக்கில் போட்டான்.