தை மாதத்து விசேஷம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாவுக்கடை வைத்திருக்கும் ஜெயக்கொடியின் கைக்கு ஒரு விசித்திரமான குணம் இருந்தது. அந்தக் கை அரைத்துக் கொடுத்த இட்லி மாவு ஊரில் பாதிப் பேர் வயிற்றுக்குள் போகலாம். பல் முளைக்காத குழந்தைக்கு ஊட்டுகிற முதல் இட்லிகூட அந்த மாவில் வேகலாம். அதிலெல்லாம் எந்தத் தோஷமும் கிடையாது. அதே கை ஒரு பெண்ணுக்கு நலங்கு வைத்தாலோ, ஒரு குழந்தையைத் தொட்டிலில் போட்டாலோ மட்டும் குடி முழுகிப் போய்விடும். இதைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகள் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தக்காரர்கள்தான்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. அவளும், மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக் கொடுக்கிற அவள் புருஷன் கோதண்டராமனும், விழுப்புரம் பாண்டிச்சேரி என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, அழுது தீர்த்து, ஒரு நாள் போதும்டா சாமி என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் விட்டாலும் ஊர் விடுமா? மலையனூர் அமாவாசைக்குப் போனாயா, அரசமரத்தைச் சுற்றினாயா, அந்த லேகியம் சாப்பிட்டாயா என்று மாவு வாங்க வருகிறவள்கூட மருத்துவம் சொல்லிவிட்டுத்தான் போவாள். சொன்னவளுடைய பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்க்கிறார்களா என்றால் அதுவும் கிடையாது. பெற்றுவிட்டாள் அல்லவா, அதனால் புத்தி சொல்லும் தகுதி வந்துவிட்டது.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவி விருத்தாம்பாள். தொண்டூரில் இருக்கிற ஜெயக்கொடியின் அண்ணன் அரிகிருஷ்ணனுடைய பெண்டாட்டி. தொண்டூர் பஸ்ஸை நம்பிப் பெண்ணைப் படிக்க அனுப்ப முடியாது என்று, மகள் அமலாவை ஆறாம் வகுப்பிலிருந்து செஞ்சியில் ஜெயக்கொடி வீட்டில்தான் விட்டிருந்தாள். அந்த வருடங்களில் ஜெயக்கொடியின் கைக்குத் தோஷம் கிடையாது. பேன் பார்க்கலாம், பின்னல் போடலாம், டைஃபாய்டு வந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி போடலாம். பெரியவளான அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தவளை மடியில் போட்டுத் தைரியம் சொல்லலாம். சடங்கு வைத்த அன்றைக்கு மட்டும் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. சொந்த அத்தை கல்லுப் பிள்ளையார் மாதிரி ஓரத்தில் நிற்க, எங்கிருந்தோ ஓர் ஒன்றுவிட்ட அத்தையைப் பிடித்து வந்து ஊற்ற வைத்தாள் விருத்தாம்பாள். அந்த ஒன்றுவிட்ட அத்தைக்கு அமலாவின் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை.

அந்த வலி ஜெயக்கொடிக்கு ஆறவே இல்லை. இப்போது அமலா மாசமாக இருந்தாள். சடங்கில் போனது வளைகாப்பிலாவது கிடைக்காதா என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தப் பெண் கையில் ஒரே ஒரு வளையல் போட வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

வைகாசிக் கடைசியில் விருத்தாம்பாள் போன் செய்தாள்.

"ஜெயா, ஆனி பொறந்ததும் அமலாவுக்கு வளகாப்பு வெச்சிருக்கோம். செஞ்சியிலயே மண்டபம். நீயும் உன் வூட்டுக்காரரும் வந்துடுங்க. பன்னெண்டு மணி போல வந்தா போதும், அப்பதான் பந்தி."

வளையல் போடுவது பத்தரைக்கு. சோற்றுக்குக் கூப்பிடுகிறாள், மகராசி.

"சரி அண்ணி," என்றாள் ஜெயக்கொடி.

"அப்புறம்? உனுக்கு ஒண்ணும் விசேஷம் இல்லியா?"

விசேஷம் என்றால் கல்யாணமும் விசேஷம்தான், காதுகுத்தும் விசேஷம்தான், கிரகப்பிரவேசமும் விசேஷம்தான். பிள்ளை இல்லாதவளிடம் கேட்கும்போது மட்டும் அந்தச் சொல்லுக்கு வயிறு ஒன்றுதான் அர்த்தம். பத்தொன்பது வருடம் அதைக் கேட்டுக் கேட்டு ஜெயக்கொடிக்குக் காது மரத்துப்போயிருந்தது. அன்றைக்குப் பார்த்து அவள் மனசு முழுக்க வேறு ஒன்று இருந்தது. மலையனூர் ரோட்டில் வாங்கிப்போட்ட மனையில் வீடு எழும்பி, காலையில்தான் வாசக்கால் வைத்துவிட்டு வந்திருந்தாள். மஞ்சள் பூசிய கைகூட இன்னும் சரியாகக் கழுவவில்லை.

"இருக்குது அண்ணி," என்றாள்.

"இன்னா?"

"தை மாசம். இப்பதான் முடிவாச்சு. யாருக்கும் சொல்லல. நேர்ல வந்து சொல்லிக்கலாம்னு இருந்தோம்."

இதற்குள் மாவுக்கு ஆள் வந்துவிட, ஜெயக்கொடி போனை வைத்துவிட்டாள்.

அரை மணி நேரம் கூட ஆகவில்லை, மறுபடியும் விருத்தாம்பாள். குரலில் அப்படியொரு தேன்.

"ஜெயா, கண்ணு, நீ காலையிலயே வந்துடணும். மொத வளையல் நீதான் போடணும். சொந்த அத்த நீ இருக்கும்போது வேற எவ போடுவா? அப்புறம் இந்த கிரைண்டர தூக்கறது, குனியறது எல்லாம் வேணாம். ஆள் வெச்சிக்கோ. ஒடம்ப பாத்துக்கோ."

ஜெயக்கொடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி தன் உடம்பைப் பற்றிக் கேட்கிறாளா! வாசக்கால் வைத்த சேதி அதற்குள் யார் மூலமோ எட்டியிருக்கும், சொந்தமாக ஒரு வீடு கட்டினால் இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டாள். அற்பப் பிறவிகள், சிமெண்டுக்குத்தான் மதிப்பு என்று புருஷனிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். சிரித்தாலும், வளையல் கடையில் நின்று பச்சை வளையலாகப் பார்த்துப் பார்த்து எடுத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மண்டபம் திருவண்ணாமலை ரோட்டில். கோட்டை மலையில் சூடேறி அனல் அடிக்கிற நேரத்துக்கு முன்பே போய்விட்டாள். கோதண்டராமன் வாசலில் இறக்கிவிட்டு, ஒரு காயிலைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனான். உள்ளே காலை வைத்ததும் ஆளாளுக்கு ஓடி வந்தார்கள். பத்தொன்பது வருடமாக எதிரில் வந்தால் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு ஒதுங்கியவர்கள். ஒருத்தி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஒருத்தி ஃபேனைத் திருப்பிவிட்டாள். காலையில் அவள் முகத்தில் விழித்தால் பால் திரிந்துபோகும் என்று ஒரு காலத்தில் சொன்ன பெரியம்மா ஒருத்தி, இன்றைக்குக் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். வெட்கமாவது மானமாவது! ஜெயக்கொடி எல்லாவற்றையும் வீட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். மணையில் அமலா தலை நிறையப் பூவும் கன்னத்தில் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தாள். ஜெயக்கொடி சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பச்சை வளையலை எடுத்து அமலாவின் விரல்களைக் குவித்துப் பிடித்தாள். அந்தக் கையின் ஒவ்வொரு ரேகையும் அவளுக்குத் தெரியும்.

அமலாவின் மாமியார் கமலாம்பாள், திண்டிவனத்துக்காரி, சபைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "வயித்துல புள்ளையோட இருக்கறவங்க கையால மொத வளையல் விழுறது எவ்ளோ ராசி! அதுவும் பத்தொம்பது வருசம் கழிச்சி தரிச்ச வயிறு. லேசுப்பட்டதா?"

அமலா குனிந்து கிசுகிசுத்தாள். "எங்கிட்டகூட சொல்லல இல்ல அத்த நீ?"

ஜெயக்கொடிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்காலி, ஃபேன், திருஷ்டி, தேன் குரல், எல்லாம். வீட்டுக்கு இல்லை. இல்லாத பிள்ளைக்கு.

வளையல் அமலாவின் விரல் முட்டியில் நின்றது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் அந்தக் கையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆசை, வெட்கங்கெட்ட ஆசை. அவள் வாயை மூடிக்கொண்டு வளையலை அழுத்தித் தள்ளினாள். மணிக்கட்டில் போய் விழுந்தது. இரண்டாவது வளையல். அது அடுத்த கைக்கு. போட்டு முடித்துவிட்டு எழுந்தபோது, இந்தக் கூட்டத்தின் மேல் இருந்த அருவருப்பில் ஒரு பங்கு அவள் மேலேயே அவளுக்கு வந்துவிட்டது.

நேராகச் சாமான் அறைக்குப் போனாள். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்றோடு விருத்தாம்பாள் பின்னாலேயே வந்தாள்.

"வாய்க்கு புளிப்பா இருக்கட்டும். எந்த டாக்டர்டி பாக்கற?"

"அண்ணி, நான் முழுகாம இல்ல. மலையனூர் ரோட்டுல வீடு கட்டறோம். தையில கிரகப்பிரவேசம். அதத்தான் சொன்னேன்."

விருத்தாம்பாளுக்கு முதலில் வந்த கேள்வி என்ன தெரியுமா? "வூடா? ரெண்டு பேருக்கு எதுக்குடி வூடு? யார் ஆளப் போறா?" என்பதுதான். அதற்குப் பிறகுதான் வளையல் ஞாபகத்துக்கு வந்தது. முகம் வெளிறிவிட்டது.

"அடிப் பாவி! மொத வளையல் போட்டுட்டியே! சம்பந்தியம்மாக்கு தெரிஞ்சா எம் பொண்ண வாழ விடுவாங்களா?" மாங்காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜெயக்கொடியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஜெயா, உன் கால்ல வேணா வுழறேன். யார்கிட்டயும் சொல்லாத. அமலாவுக்கு பிரசவம் ஆவற வரைக்கும் நீ முழுகாம இருக்கறதாவே இருக்கட்டும். ஆவணி வரைக்கும்தானே? அப்புறம் கலைஞ்சிடுச்சின்னு சொல்லிக்கலாம். இந்த வயசுல கலையறது சகஜந்தானே, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

ஜெயக்கொடி அவளை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எனக்கு இல்லாத புள்ளைய நீங்களே குடுத்து, நீங்களே சாவடிக்கிறீங்களா அண்ணி?"

"மெல்ல பேசு!"

"நான் எதுக்கு மெல்ல பேசணும்?"

கையை உதறிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். யாரோ அமலாவுக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் போய் நின்று, மாவுக்கடையில் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுவாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. என் வயித்துல புள்ள கெடையாது. தையில நாங்க வூடு குடி போறோம், அதத்தான் விசேஷம்னு சொன்னேன். நீங்களா புள்ளைன்னு நெனச்சிக்கிட்டு எனுக்கு நாற்காலி போட்டீங்க. மாவுக்கடை ஜெயக்கொடி போன வருசம் எப்படி இருந்தாளோ, அப்படியேதான் இருக்கறா."

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் கூத்து!

"கழட்டுங்க! மொதல்ல அந்த ரெண்டு வளையல கழட்டுங்க!" என்று கத்தினாள் கமலாம்பாள்.

"ஐயையோ, கழட்டக் கூடாதுங்க! போட்ட வளையல பிரசவத்துக்கு முன்னாடி கழட்டினா ஆவாது!" என்று அலறினாள் திருஷ்டி கழித்த பெரியம்மா.

"மலடி போட்டது இருந்தாலும் ஆவாதே!"

"ஒடைச்சிட்டா?"

"ஒடைக்கறதா! வளகாப்பு அன்னிக்கி வளையல் ஒடையலாமா? புத்தி கெட்டுப்போச்சா உனுக்கு?"

கழற்றினாலும் கேடு, வைத்திருந்தாலும் கேடு. டிகிரி படித்தவள், டீச்சர் வேலை பார்ப்பவள், எல்லாரும் சேர்ந்து இரண்டு கண்ணாடி வளையலைச் சுற்றி நின்றுகொண்டு முழித்தார்கள். ஐயருக்குப் போன் போடு என்றாள் ஒருத்தி. ஐயர் போனை எடுக்கவில்லை. ஜெயக்கொடிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மாட்டிக்கொண்டீர்களா, சாவுங்கள் என்று நின்றாள்.

கமலாம்பாள் பொறுக்க முடியாமல் மருமகளின் கையைப் பிடித்தாள். அமலா கையை வெடுக்கென்று இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான் கழட்ட மாட்டேன்."

ஜெயக்கொடிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பேன் பார்த்தது, ஈரத்துணி போட்டது, விடியவிடிய விழித்தது, எதுவும் வீண் போகவில்லை. எம் பொண்ணு என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஓர் அடி முன்னால் வைத்தாள்.

அமலா இன்னொரு கையால் வயிற்றை மறைத்துக்கொண்டாள்.

"கழட்டினா கொழந்தைக்கு ஆவாதுன்றாங்களே, நான் எப்படி கழட்டறது?" என்று அழுதாள். பிறகு அத்தையை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்: "ஏன் அத்த இப்படி பண்ண? எங்கிட்டயாவது முன்னாடியே சொல்லி இருக்கலாமில்ல? நான் வேற யாரையாவது போடச் சொல்லி இருப்பேனே."

எல்லார் மேலும் காறித் துப்பலாம் போல இருந்தது ஜெயக்கொடிக்கு. இவள் மேல் மட்டும் முடியவில்லை. முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"கழட்டாத. நல்லபடியா பெத்துக்கோ," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் கோதண்டராமன் அப்போதுதான் வந்து வண்டியை நிறுத்தினான். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா, அதுக்குள்ள வந்துட்ட? வளையல் போட்டியா?"

"போட்டேன்."

"சாப்டியா?"

அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மண்டபத்து ஜன்னலில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"சீக்கிரம் வண்டிய எடுங்க," என்றாள். "இங்க அழுதா அவளுங்களுக்கு சந்தோஷமா பூடும்."