மச்சான் இருந்த இடத்தில் நான்

1

இந்தக் கதை பல் டாக்டரின் நாற்காலியில் பிறந்தது. இதைவிட நல்ல இடங்களிலும் கதைகள் பிறப்பதாகக் கேள்வி. என் வாய் நிறையப் பஞ்சு. டாக்டர் துளைக்கும் கருவியைக் கையில் பிடித்தபடி சிரித்தார்.

“சார், அந்த லிப்ட் கதை! படிச்சு முடிக்கிற வரைக்கும் வெளிய ரெண்டு பேரைக் காக்க வச்சுட்டேன். தன்னையே இப்படிக் கலாய்ச்சுக்க ஒரு மனசு வேணும்.”

“ஆஆ” என்றேன். ‘அது நானில்லை’ என்பதைப் பஞ்சோடு சொன்னால் அப்படித்தான் வரும்.

“எவ்வளவு அடக்கம் பாரும்மா” என்றார் நர்ஸிடம்.

(முதலில் வேறொரு தொடக்கம் வைத்திருந்தேன்: ‘மனசாட்சி என்பது மனிதனுக்கு’. அடித்துவிட்டேன். கடைவாய்ப் பல்லைச் சொல்ல வேண்டிய இடத்தில் மனசாட்சியை இழுப்பது நழுவுகிற வேலை.)

2

நான் எழுதுவதெல்லாம் புளுகு. என் மகள் அதற்கென்று ஓர் இணையதளம் கட்டிக் கொடுத்திருக்கிறாள். கதாநாயகன் எப்போதும் என் மனைவியின் அண்ணன், ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக். கதைகளில் அவருக்கு ‘மச்சான்’ என்று மட்டும்தான் பெயர். ஒருமுறை அவர் கிரீஸை அள்ளிப் பூசியதில் லிப்ட் மொட்டை மாடியைத் தாண்டிப் போய் மேகத்தில் முட்டி நின்றது. மச்சான் கதவைத் திறந்து, அந்தப் பக்கமாகப் போன கொக்கிடம் இது எத்தனையாவது மாடி என்று விசாரித்தார். கொக்குக்கும் தெரியவில்லை.

இதில் தப்பொன்றும் இல்லை. தப்பு அடுத்த கதையில்.

தான் பழுதுபார்த்த லிப்டிலேயே மச்சான் ஒருநாள் மாட்டிக்கொண்டார். இருட்டு. பயத்தில் கால்சட்டையை நனைத்துக்கொண்டார். இதை அவர் என் ஒருவனிடம்தான் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. நான் அதை ஐந்து மாடிக் கட்டடத்தில் வெள்ளம் வந்த கதையாக்கினேன். வாட்ச்மேன் நாற்காலியோடு தெருமுனை வரை மிதந்து போனார்.

(இந்த இடத்தில் என்னை நானே திட்டி ஒரு பத்தி எழுதினேன். நன்றாக வந்துவிட்டது. அதனால் எடுத்துவிட்டேன்.)

பஞ்சை எடுத்ததும் டாக்டரின் போனை வாங்கிப் பார்த்தேன். லிப்ட் இருந்தது, வெள்ளம் இருந்தது, வாட்ச்மேன் மிதந்தார். மச்சானை மட்டும் காணோம். அவர் இருந்த இடத்திலெல்லாம் ‘நான்’ இருந்தேன்.

3

“ஆமாப்பா, நான்தான்” என்றாள் மகள். ஒளிக்கக்கூட இல்லை. “சர்வர்ல பக்கம் முழுசா தயாராகும். ஆனா உடனே வெளிய விட மாட்டேன். பஃபர்ல, அதாவது நடுவுல ஒரு தொட்டியில பிடிச்சு நிறுத்தி, மச்சான்னு வர்ற இடத்தையெல்லாம் மாத்தி, அப்புறம்தான் படிக்கறவங்களுக்கு அனுப்புவேன். நீங்க எழுதினது உள்ள அப்படியே கிடக்கு. ஒரு எழுத்தைத் தொடலை.”*

“என் கம்ப்யூட்டர்ல மட்டும் நான் எழுதினபடியே தெரியுதே?”

“உங்க பாஸ்வேர்டு போட்டு வந்தா மாத்தாது.”

“அப்பனுக்கு மட்டும் தனிப் பந்தியா?”

“பின்ன? உங்களுக்கும் மாத்திக் காட்டியிருந்தா வீட்டை ரெண்டு பண்ணியிருப்பீங்க.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேனே! மாமா உங்களை நம்பிச் சொன்னது, போடாதீங்கன்னேன். ‘பேரா போட்டேன், யாருக்குத் தெரியும்’னீங்க. மாமாவுக்குத் தெரியுமேப்பா. காலையில எழுந்ததும் உங்க பக்கத்தைத்தான் திறக்கறார்.”

நான் விட்டத்தைப் பார்த்தேன். பார்க்கும்படி அங்கே எதுவும் இல்லை.

* மச்சானை ‘நான்’ ஆக்கும் அவளுடைய சல்லடை ஆரம்பத்தில் வினைச்சொற்களைக் கவனிக்கவில்லை. ‘நான் வழுக்கி விழுந்தார்’ என்றெல்லாம் வெளியே போயிருக்கிறது. கிழவருக்குத் தன் மேல் எவ்வளவு மரியாதை என்று வாசகர்கள் ரசித்தார்களாம்.

4

இத்துடன் நின்றிருந்தால் இது சிரிப்புக் கதை. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். உட்காராமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, என் அசிங்கத்தைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிட்டீங்களே!”

மறு கையால் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“கூட வேலை பார்த்த பழைய ஆளுங்க எல்லாம் நேத்து ஒண்ணா கூடினோம். உங்க கதையைப் படிச்சுட்டு ஒரே சிரிப்பு. எனக்குத் தாங்கலை. ‘டேய், அது எங்க மாப்பிள்ளை இல்லடா, நான்தான்’னு போட்டு உடைச்சுட்டேன். இவ்வளவு வருஷம் வெளிய சொல்லாதது. சிரிச்சானுங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் ஒருத்தன், ‘எனக்கும் ஒரு தடவை ஆச்சுடா’ன்னான். உங்களால மாப்ள. உங்க ஒருத்தராலதான்.”

(நான் சொல்ல நினைத்தவை: ‘மச்சான், அதை நான்’. ‘மச்சான், உங்க தங்கச்சி பொண்ணு’. ‘அந்தப் பக்கத்தை மாத்தினது’.)

சொன்னது: “காபி சாப்பிடறீங்களா?”

எத்தனையோ கிழடுகள் செய்த தப்புக்குத் திட்டு வாங்கியிருப்பார்கள். செய்யாத நல்லதற்குக் கண்ணீரோடு நன்றி வாங்கி, சர்க்கரை போதுமா என்று விசாரித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

5

முடிவு ஒன்று. எல்லாக் கதைகளிலும் மச்சானை எடுத்துவிட்டு, என் கையாலேயே என்னைப் போட்டுவிடுவது. பிறகு சல்லடை தேவையில்லை. வெளியே யாருக்கும் வித்தியாசம் தெரியாது. உட்கார்ந்தும் பார்த்தேன். ‘நான் லிப்டில் மாட்டிக்கொண்டேன். இருட்டு. எனக்கு’. அதற்கு மேல் விரல் நகரவில்லை. அவர் கொடுத்த நன்றிக்கு இப்போது உட்கார்ந்து ரசீது தயாரிப்பது போல இருந்தது.

முடிவு இரண்டு. கொக்கு திரும்பி வந்து… வேண்டாம். கொக்கை வைத்துத் தப்பிக்கப் பார்க்கிறேன்.

முடிவு மூன்று. இதையே வெளியிடுவது. மகளிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

“இது சல்லடை வழியா போனா ஒண்ணும் புரியாதுப்பா. மாமாவும் நீங்களும் ஒரே ஆளாயிடுவீங்க. போடணும்னா சல்லடையை எடுத்தாகணும். எடுத்தா பழசெல்லாம் நீங்க எழுதினபடியே வெளிய வரும்.”

“தெரியும்.”

“மாமா உங்களைப் பத்தி நினைச்சுக்கிட்டிருக்கிறது…”

“தெரியும்மா.”

“எடுக்கட்டுமா?”

நான் சொன்ன பதிலை எழுதப் போவதில்லை. புளுகன் சொன்னால் நம்பவா போகிறீர்கள்? ஆனால் இதை நீங்கள் படித்துக்கொண்டிருந்தால், மச்சானும் படித்துக்கொண்டிருக்கிறார். உதட்டை அசைத்து, வரி வரியாகப் படிப்பவர். உங்களுக்குக் கொஞ்சம் பின்னால்தான் வந்துகொண்டிருப்பார். இந்த வரிக்கு வந்ததும் அவர் என்ன செய்தார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதை எழுத எனக்கு முகமில்லை.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடித்தால் எடுப்பேன். எடுத்ததும் அவர் என்னை இன்னும் ‘மாப்ள’ என்று கூப்பிட்டால்…