கோர்ட்டில் ஒரு பாடவேளை

அந்த வக்கீலம்மாவுக்குக் 'குண்டூசி' என்று பெயர் வைத்தவர் கோர்ட் கேன்டீன்காரர். ஆள் ஒல்லி, பேச்சு குத்தும் என்பதுதான் காரணம். வாரம் திரும்புவதற்குள் பெயர் பார் அசோசியேஷன் முழுக்கப் பரவி, கடைசியில் அவளுடைய கட்சிக்காரர்களே 'குண்டூசி மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட குண்டூசி அன்று காலை மழுங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"டீ ஆறிப்போய் ஆடை கட்டுது. என்ன ஆச்சு உனக்கு?" என்றார் கணவர். அவர் பல் டாக்டர்.

"நர்ஸம்மா கேஸ் சிலைகிட்ட போயிடுச்சுங்க."

"எந்தச் சிலை?"

"புது ஜட்ஜ்தான். கேஸ் ஜெயிச்சாலும் தோத்தாலும் மூஞ்சியில ஒரு சுருக்கம் விழாது. பழைய ஜட்ஜ் நம்ம பக்கம் காது குடுத்துக் கேட்டாரு. ராத்திரியோட ராத்திரியா மாத்திட்டு இவரைக் கொண்டாந்து உக்கார வச்சிருக்காங்க."

"மனு போட்டது யாரு?"

"ஒழுக்கக் காவல் சங்கம். அதோட தலைவர் சட்ட மந்திரிக்குச் சம்பந்தி. சிலைக்கு மேல்கோர்ட் பதவி உயர்வு வரணும். அந்த ஃபைல் மந்திரி மேசையில இருக்கு."

பல் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "சொத்தைப் பல்லுன்னா பிடுங்கிடலாம். இது தாடையே சொத்தையா இருக்கே!"

குண்டூசிக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயம் அவ்வளவு பெரிது.

நர்ஸம்மா ஓர் அரசுப் பள்ளியின் நர்ஸ். சுகாதாரத் துறை ஏற்பாட்டின்படி, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பாடவேளை உடலைப் பற்றிப் பாடம் நடத்தி வந்தாள். மாதவிலக்கு ஏன் வருகிறது, கரு எப்படி உண்டாகிறது, உண்டாகாமல் எப்படித் தடுப்பது, தொடாதே என்றால் தொடக் கூடாது, வளர்ந்த பெண்ணின் கருப்பையைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவள் அந்தப் பெண்தான்... இவ்வளவுதான் பாடம். சங்கம் இதை ஆபாசம் என்றது. பள்ளி நிர்வாகம் பயந்துபோய் நர்ஸம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மனு ஜெயித்தால் அவளுக்கு வேலை போகும். அதோடு எல்லாப் பள்ளிகளிலும் அந்தப் பாடத்துக்கு மூடுவிழா.

சங்கத்துக்காக வந்திருந்தவர் சீனியர் வக்கீல் 'இடி'. குரலுக்காக வந்த பெயர். அவர் வாதாட ஆரம்பித்தால் பக்கத்துக் கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர் பேச்சை நிறுத்திவிட்டு இவரைக் கேட்பார்.

அன்றும் இடி இடித்துத் தள்ளினார். பண்பாடு என்றார், பெற்றோர் கண்ணீர் என்றார். சிலை கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட இடிக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"கனம் கோர்ட்டார் அவர்களே! அந்த அம்மா அதே பாடத்தை இந்த மண்டபத்துல நடத்தட்டும். முழுசா நடத்தட்டும்! மானம் ரோஷம் இருக்கிறவங்க ஒருத்தர்கூட உக்காந்து கேக்க மாட்டாங்க. கூசிப்போய் எழுந்து ஓடுவாங்க. அப்படி யாரும் போகலைன்னா, என் மனுவை நானே கைவிட்டுடறேன்!"

பின்வரிசையில் சங்கத்துக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். இடியின் வழக்கமான வாணவேடிக்கைதான் இது. எத்தனையோ கேஸில், 'நான் சொல்வது பொய்யென்றால் கோட்டைக் கழற்றி வைக்கிறேன்' என்று முழங்கியிருக்கிறார். யாரும் அதைப் பிடித்துக்கொண்டதில்லை. அவரும் அதை மறந்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்.

ஆனால் அந்தக் கோர்ட்டில் ஒரு நடைமுறை உண்டு. வக்கீல் நின்றுகொண்டு வாயால் கொடுக்கும் உறுதியை ஜட்ஜ் பதிவு செய்துவிட்டால், கட்சிக்காரரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. பிறகு பின்வாங்க முடியாது.

குண்டூசி விருட்டென்று எழுந்தாள். "சீனியர் சொன்னதை அப்படியே பதிவு பண்ணணும்னு கேட்டுக்கறேன்."

இடி உயர்த்திய கையை மெல்ல இறக்கினார்.

சிலை முதல் முறையாகக் கையைக் கன்னத்திலிருந்து எடுத்து அவளைப் பார்த்தது. "யாராவது கூச்சப்பட்டு வெளியே போனா உங்க கட்சிக்காரங்க தோத்ததா ஒத்துக்குவீங்களா?"

இது குண்டூசி தன் வேலையை வைத்து ஆடும் ஆட்டம் இல்லை; பந்தயம் நர்ஸம்மாவின் வேலை. திரும்பிப் பார்த்தாள். நர்ஸம்மாவின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் தலை மேலும் கீழும் ஆடியது.

"ஒத்துக்கறோம்."

"பதிவு செய்யப்பட்டது. நாளை காலை பாடம்."

மறுநாள் கோர்ட்டில் எள் போட இடமில்லை. வக்கீல்கள், குமாஸ்தாக்கள், பத்திரிகைக்காரர்கள், வேறு கேஸுக்கு வந்து வழி தவறியவர்கள், எல்லோரும் உள்ளே. இடி தன் பக்கம் சில 'குடும்பப் பெண்களை' முன்கூட்டியே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்.

"பாத்தீங்களா மேடம்? எழுந்து போறதுக்குன்னே ஆள் கூட்டிட்டு வந்திருக்காரு," என்று கிசுகிசுத்தாள் நர்ஸம்மா. "எனக்குப் பசங்கன்னா பயமில்ல. இவங்கல்லாம் எவ்வளவு பெரியவங்க!"

"கறுப்புக் கோட்டைக் கழட்டிட்டா எல்லாம் பத்தாங்கிளாஸ்தான். கடைசி பெஞ்சைப் பாருங்க, இப்பவே சீண்டிட்டு இருக்கானுங்க."

நர்ஸம்மா பார்த்தாள். சீண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது.

சாட்சிக் கூண்டின் கம்பியில் உடலுறுப்புப் படம் ஒன்றை மாட்டி, பக்கத்தில் ஒரு கரும்பலகையை நிறுத்தினாள். "வணக்கம். இந்த வகுப்புல ஒரே ஒரு சட்டம். உறுப்போட பேரைச் சொன்னா சிரிக்கக் கூடாது. சிரிக்கிறவங்க எழுந்து வந்து அந்தப் பேரைப் போர்டுல எழுதணும். சரி, இதுக்குப் பேரு கருப்பை."

பின்னால் ஒரு களுக்.

"நீங்கதான், கண்ணாடி போட்டவர். வாங்க."

பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது கோர்ட் என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடி வக்கீல் பரிதாபமாக ஜட்ஜைப் பார்த்தார்.

"போங்க," என்றது சிலை.

அந்த மனிதர் காதெல்லாம் சிவக்க வந்து, கோணல்மாணலாகக் 'கருப்பை' என்று எழுதினார். "கையெழுத்தைக் கொஞ்சம் கவனிக்கணும், ஆனா பரவாயில்ல. எல்லாரும் கைதட்டுங்க," என்றாள் நர்ஸம்மா. கோர்ட்டே கைதட்டியது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அவள் குரல் இப்போது வகுப்பறைக் குரலாகிவிட்டது. கருமுட்டை, மாதச் சுழற்சி, கருத்தடை என்று படிப்படியாகப் போனாள். மறைத்தும் சொல்லவில்லை, மசாலா சேர்த்தும் சொல்லவில்லை. காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிற மாதிரி சொன்னாள்.

திடீரென்று பெண்கள் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கோர்ட் டைப்பிஸ்ட் அம்மாள் எழுந்து நின்றாள். வேலையில் சேர்ந்ததிலிருந்து யாரிடமும் அதிர்ந்து பேசாதவள்.

"பதிவு பண்ணணும்!" இடி துள்ளி எழுந்தார். "ஒரு கண்ணியமான பெண்மணி எழுந்துட்டாங்க! பதிவு பண்ணணும்!"

"என்ன சார் பதிவு?" என்றாள் டைப்பிஸ்ட். "பின்னாடி ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. முன்னாடி போய் உக்காரப் போறேன். கொஞ்சம் தள்ளுங்க."

இடியின் பக்கத்து நாற்காலியில் வந்து அமர்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "ம், சொல்லுங்கம்மா. அந்த மாத்திரை விஷயம்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இடி கூட்டிவந்த குடும்பப் பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் கண்ஜாடை காட்டினார். ஒருத்தியும் அசையவில்லை. "இருங்கண்ணே, முடியட்டும்," என்று ஒருத்தி கடுகடுத்தாள்.

பாடத்தின் முடிவில் நர்ஸம்மா வழக்கம்போல், "கேள்வி இருந்தா கேளுங்க," என்றாள். வாசலில் காவலுக்கு நின்ற பெண் போலீஸ் கை தூக்கினாள்.

"ரெண்டு குழந்தைக்கு அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன். புருஷன் கையெழுத்து வேணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவரு கப்பல்ல வேலை. அடுத்த லீவுல வந்தாரு. கையெழுத்துப் போட நேரம் பாத்துட்டு இருக்கிறதுக்குள்ள மூணாவது உண்டாயிடுச்சு. பிரசவத்துல நான் செத்துட்டேன்னு என் மேல துணி போத்துற வரைக்கும் போயிட்டாங்க. நான் கேக்குறது என்னன்னா... நிஜமாவே அந்தக் கையெழுத்து வேணுமா?"

"வேண்டாம்," என்றாள் நர்ஸம்மா. "உங்க உடம்பு. உங்க கையெழுத்து போதும்."

சிலை முன்னால் சாய்ந்தது. "இதுதான் சட்டமா?"

குண்டூசி சட்டப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பிரிவை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். வளர்ந்த பெண்ணுக்கு வேறு யார் சம்மதமும் தேவையில்லை. எத்தனையோ காலமாக இருக்கிற சட்டம்.

ஜட்ஜ் பெண் போலீஸைப் பார்த்தார். "இத்தனை நாளா கோர்ட் வாசல்ல நிக்கிறீங்க. இது உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு மட்டுமில்ல சார். எங்க ஸ்டேஷன்ல எந்த லேடிக்கும் தெரியாது. சொல்லித் தரதுக்கு யாரு இருந்தா?"

அந்த முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்ததைக் கோர்ட்டே பார்த்தது.

இடிக்கு ஆபத்து புரிந்துவிட்டது. "மனுவை வாபஸ் வாங்கிக்கறோம்," என்றார் அவசரமாக.

"வாபஸ் வேண்டாம்!" குண்டூசி குரலை உயர்த்தினாள். "வாபஸ்னா தீர்ப்பு இருக்காது. நாளைக்கே வேற கோர்ட்ல, வேற ஜட்ஜ்கிட்ட இதே மனு வரும். எங்களுக்குத் தீர்ப்பு வேணும்."

ஜட்ஜுக்கு இதைவிட வசதியான வழி கிடைக்காது. 'வாபஸ் ஏற்கப்பட்டது' என்று ஒரு வரி. மந்திரிக்கும் மனத்தாங்கல் இல்லை, ஃபைலும் நகரும். மண்டபத்தில் எல்லோருக்கும் அந்தக் கணக்கு தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"டைப்பிஸ்ட் எங்கே?"

"இங்கதான் சார்!" முன்வரிசையிலிருந்து அவள் ஓடிப்போய் மெஷின் முன் உட்கார்ந்தாள்.

"எழுதிக்குங்க. வாபஸ் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. மனுதாரர் தரப்பு உறுதியளித்தபடி, இந்த மண்டபத்தில் முழுப் பாடமும் நடத்தப்பட்டது. யாரும் எழுந்து போகவில்லை. ஒருவர் அருகில் வந்தார்."

அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். பாடம் ஆபாசம் அல்ல, அவசியம். எல்லாப் பள்ளிகளிலும் அது தொடர வேண்டும். நர்ஸை இன்றே வேலையில் சேர்க்க வேண்டும். கருத்தடைக்குக் கணவனின் கையெழுத்து தேவையில்லை என்பதை ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். கருப்பை என்ற சொல்லை அவர் முதல் முறை சொல்லும்போது குரல் லேசாகத் தடுக்கியது. அடுத்த முறை தடுக்கவில்லை.

பதவி உயர்வுப் பட்டியல் பிறகு வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. அன்று எழுந்து உள்ளே போகும்போதே அது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் படியில் இறங்கும்போது பெஞ்ச் கிளார்க்கிடம் அவர் ஏதோ ஜோக் அடித்ததாகவும், கிளார்க் பயத்தில் சிரிக்க மறந்ததாகவும் கேன்டீனில் பேசிக்கொண்டார்கள்.

வராந்தாவில் நர்ஸம்மாவைக் கூட்டம் மொய்த்தது. பெண் போலீஸ் அவளுக்கு சல்யூட்டே அடித்தாள். நர்ஸம்மாவோ கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மேடம், உத்தரவு நகல் கைக்கு வந்துடுச்சா? கடைசிப் பீரியட் இன்னும் ஆரம்பிக்கல."

"இன்னிக்கேவா? கொஞ்சம் மூச்சு விடுங்கம்மா!"

"இன்னிக்கேன்னுதானே ஜட்ஜ் சொன்னாரு? கோர்ட் உத்தரவை மீறச் சொல்றீங்களா?"

குண்டூசி காரை விரட்டினாள். பள்ளியில் ஹெட்மாஸ்டர் உத்தரவை நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் அவர் முகத்தில் தெரிந்தது கோபம் இல்லை, நிம்மதி. "நல்லவேளை, உங்களை அனுப்பினதிலிருந்து எங்க வீட்ல என்கூடப் பேசுறதையே நிறுத்திட்டாங்க," என்று முணுமுணுத்து, வகுப்பறைச் சாவியை நீட்டினார்.

நர்ஸம்மா உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. அவள் கையமர்த்தினாள். "போதும், போதும். எங்க விட்டோம்?"

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "நான் கேள்வி கேட்டுட்டு நின்னேன் மிஸ். நீங்க பதில் சொல்றதுக்குள்ள உங்களைக் கூப்பிட்டுட்டுப் போயிட்டாங்க."

"கேள்வி ஞாபகம் இருக்கா?"

"ஞாபகமா? இப்ப அது நாலு கேள்வி ஆயிடுச்சு மிஸ்!"

"நாலும் கேளு," என்றாள் நர்ஸம்மா, சாக்பீஸைக் கையில் எடுத்தபடி.

கதவோரம் நின்றிருந்த குண்டூசி கிளம்பலாமா என்று யோசித்தாள். பிறகு கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.